குடங்கள் கூட்டத்துக்குப் போன நாள்

எங்கள் ஊரில் சட்டங்களுக்குக் குறைவில்லை. அரசாங்கத்தின் சட்டம் இருக்கிறது. அதை மீறினால் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கோயிலின் சட்டம் இருக்கிறது. அதை மீறினால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொல்லுவார்கள், கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கடற்றொழிலாளர் சங்கத்தின் சட்டம் இருக்கிறது. தலைவருக்குக் கோபம் வரும்போது மட்டும் அது வெளியே வரும். இவை எல்லாவற்றையும் மீறியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் எங்கள் வீட்டிலேயே சாப்பிடுகிறார்கள். ஆனால் குடத்துச் சட்டத்தை மீறிய ஒருவரை இத்தனை வருடத்தில் நான் காணவில்லை.

ஊர்காவற்றுறைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தால் வந்தவர் மறுபடி வரமாட்டார். குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி வண்டியில்தான் வரும். அது எப்போது வரும் என்பது பவுசர் ஓட்டுகிறவருக்கே வந்து சேர்ந்தபிறகுதான் தெரியும். அதுவரைக்கும் வேலை வெட்டியை விட்டு யார் நிற்பது? ஆகவே மாதா கோயில் மதிலோரம் வீட்டுக்கொரு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை எடுக்கக்கூடாது, விலத்தக்கூடாது, முந்தக்கூடாது. ஒன்று மட்டும் செய்யலாம், செய்யவும் வேண்டும்: முன்னால் ஓர் இடம் வெறுமையானால், அந்த வழியால் போகிறவர் யாராக இருந்தாலும் பின்னால் நிற்கும் குடங்களை ஒவ்வொன்றாக முன்னுக்கு நகர்த்திவிட வேண்டும். இதற்கு ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. போகிற போக்கில் குனிந்து, நகர்த்திவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் பெண்கள். எப்போது போட்டார்கள், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. ஒருமுறை ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தது. அந்த வீட்டுக் குடம் வரிசையில் நின்றது. பவுசர் வந்தபோது, வேலிச் சண்டையில் அந்த வீட்டோடு கதை பேச்சில்லாமல் இருந்த அடுத்த வீட்டுக்காரிதான் குடத்தை நிரப்பிக் கொண்டுபோய் அவர்கள் வாசல் படலையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் வேலிச் சண்டை வழக்கம்போல நடந்தது. குடம் வேறு, வேலி வேறு.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது கரம்பொன், சைக்கிளில் வந்துபோகிற தூரம்தான். ஆனாலும் இவர்களுக்கு நான் இன்றுவரைக்கும் ‘வந்தவள்’. என் மனுசன் நண்டு வலைக்குப் போகிறவர். நான் கரையில் நண்டு கழற்றுகிறவள். மிச்ச நேரத்தில் ஏதாவது எழுதுவேன். எழுத்தைப் பற்றி என் மனுசனிடம் கேட்டால், ‘அது அவவுக்கு ஒரு வருத்தம், மருந்துக்கு மாறாது’ என்பார்.

நண்டு கழற்றுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். விடியப்புறம் படகுகள் வந்து சேரும். ஆண்கள் வலைகளைக் குவியலாகக் கரையில் இறக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போவார்கள். கடலில் அவர்கள் பட்ட பாட்டுக்கு அதைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது எங்கள் வேலை. நண்டுக்குக் கால் முறியக்கூடாது, வலைக்குக் கண் அறக்கூடாது, எங்கள் விரலைப் பற்றி நண்டு வாங்குகிற கொம்பனிக்காரருக்குக் கவலை இல்லை. மத்தியானம் கொம்பனி லொறி வருமுன் முடிக்க வேண்டும். வெயில் ஏற ஏற நண்டுக்குக் கோபம் வரும். எங்களுக்கும் வரும்.

எனக்குப் பக்கத்தில் எப்போதும் இருந்து கழற்றுகிறவள் என் மச்சாள், என் மனுசனின் தங்கச்சி. மடத்துவெளிப் பக்கம் கட்டிக்கொடுத்து, புருசன் கடலோடு போனபிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். வாய் நீளம். அவள் பக்கத்தில் இருந்தால் நண்டே வாயை மூடிக்கொண்டு இருக்கும். பிள்ளைகளின் படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அவளுடைய அந்தப் பத்து விரலில்தான் நடந்துகொண்டிருந்தது.

கரைக்குப் பின்னால் முன்பு ஒரு தாழம்பற்றை இருந்தது. பெரிய காடு ஒன்றும் இல்லை. ஒரு பெண் அவசரத்துக்கு உள்ளே போய்வரலாம், ஒருத்தி வெளியில் காவல் நிற்கலாம், அவ்வளவுதான். பிறகு சங்கம் முன்னேறியது. பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, நடுவில் சோலர் லைட் ஒன்றை நட்டார்கள். தலைவர் பேசும்போது, இனிக் கரை முழுக்க வெளிச்சம் என்றார். உண்மைதான். வெளிச்சம் வந்தது, எங்கள் மறைவு போனது. ஆண்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குக் கடல் முழுக்கச் சொந்தம்.

அதன்பிறகு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். குடிக்காமல் விடுவது. முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்து, விடியத் தேத்தண்ணீரைத் தொட்டும் பார்க்காமல், மத்தியானம் லொறி போகும்வரைக்கும் நாக்கு வறள இருப்பது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லாரும் செய்தோம். மச்சாள்தான் முதலில் விழுந்தாள். காய்ச்சல், அடிவயிற்று நோ, சலம் போகும்போது எரிவு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாறி வந்து கொஞ்ச நாளில் மறுபடியும் அதே நோ. இரண்டாம்முறை டொக்டர் அவளை ஏசினார். தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி பழுதாகிவிடும், குடிக்க வசதி இல்லாத வேலை என்றால் அந்த வேலையை விடு என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த வாய் நீளக்காரியை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு கருத்தரங்கு. பெண்கள் தலைமைத்துவம் என்று பெயர். ஊருக்குச் சிலர் வரவேண்டும், பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றார்கள். சாப்பாடு கோழி என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊரில் தலைமைத்துவ ஆர்வம் பெருகியது. மச்சாளும் நானும் போனோம். அங்கே ஒரு படம் காட்டினார்கள். தென் அமெரிக்காவில் எங்கேயோ மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு மலைநாடு. அங்கத்தைய பழங்குடிப் பெண்கள் இரட்டைச் சடை பின்னி, அதன்மேல் ஆம்பிளைத் தொப்பி போட்டு, அடுக்கடுக்காய்ப் பாவாடை கட்டி, முதுகில் பிள்ளையோடு நடந்தார்கள். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இடைப்பட்ட ஒரு சீவன் பின்னால் போனது. அந்த ஊர்களில் தலைமைப் பதவி தனி ஆளுக்குக் கிடையாதாம். புருசன் பெண்சாதி இருவரும் சேர்ந்துதான் ஏற்க வேண்டுமாம். தோளில் துணி கட்டி, கையில் கோல் கொடுத்து இருவரையும் ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள்.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த காட்சியில் ஊர்க்கூட்டம் வந்தது. ஆண்கள் நீள வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். பெண்கள் நிலத்தில் பாவாடையை விரித்து இருந்தார்கள். மச்சாள் என் காதுக்குள், “இவ்வளவு உயரத்திலை ஏறிப் போயும் கதிரை அவையளுக்குத்தான் பாத்தீரோ, மச்சாள்” என்றாள். படம் காட்டிய பிள்ளை அதைக் கேட்டிருக்க வேண்டும். முன்பு அந்தப் பெண்கள் கூட்டத்தில் வாய் திறப்பதே இல்லை, இப்போது எழுந்து பேசுகிறார்கள், தனியாகவே தலைவியாக வந்தவர்களும் இருக்கிறார்கள் என்று விளக்கினாள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றாள். மச்சாள் கையைத் தூக்கினாள்.

“பிள்ளை, அந்த இடத்திலை இந்தப் பொம்பிளையளுக்குக் கக்கூசு இருக்கோ?”

மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை பாவம், சிரிக்காமல் யோசித்து, தனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுகிறேன் என்றாள். மச்சாளும் சிரிக்கவில்லை. அவள் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது அங்கே என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து என் மனுசனுக்குப் படத்தின் கதையைச் சொன்னேன். புருசனும் பெண்சாதியும் சேர்ந்தே பதவி என்றதும் அவர், “அப்ப எங்கடை சங்கத் தலைவற்றை பெஞ்சாதியும் தலைவியோ?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த மனுசி இப்பவும் தலைவிதான். அவருக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார்.

அந்த வருடம் சங்கத்துக்கு ஓர் உதவி வந்தது. கரையில் ஒரு கட்டடம் கட்டலாம், என்ன கட்டடம் என்பதை அங்கத்தவர்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். பெண்களையும் அங்கத்தவர்களாகச் சேர்க்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததால் நாங்களும் கொஞ்ச நாளுக்கு முன்பு அங்கத்தவர்கள் ஆகியிருந்தோம். ஆண்கள் ஏற்கனவே தீர்மானித்திருந்தார்கள்: இளைப்பாறு மண்டபம். உள்ளே ஒரு பெரிய ரீவி. உதைபந்தாட்டம் பார்ப்பதற்கு. நாங்களும் தீர்மானித்திருந்தோம். எங்களுடையதற்கு ரீவி தேவையில்லை.

கூட்டம் வழக்கமாக ஞாயிறு பூசை முடிய நடக்கும். இந்தமுறை தலைவர் அதைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினார். கேட்டால், ஞாயிற்றுக்கிழமை நயினாதீவு அணியோடு உதைபந்தாட்டம் என்றார். சனிக்கிழமை காலை நண்டு கழற்றுகிற நேரம். நாங்கள் போய்ச் சொன்னோம். “அதுக்கென்ன, கழட்டி முடிச்சுப்போட்டு ஆறுதலாய் வாருங்கோவன்” என்றார். கெட்ட மனிதர் இல்லை, நல்லாகத்தான் சொன்னார். நாங்கள் ஆறுதலாய்ப் போய்ச் சேரும்போது தேத்தண்ணீர்க் கோப்பைகளும் கழுவி முடிந்திருக்கும், மண்டபத்துக்கு அத்திவாரமும் வெட்டி முடிந்திருக்கும்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் அதிர்ஷ்டத்துக்கு அன்று பார்த்து வலை முழுக்க நண்டு. எழும்பிப் போனால் வெயிலில் செத்துப்போகும். செத்த நண்டைக் கொம்பனி தொடாது. வீட்டில் சட்டியும் அடுப்பேறாது. எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு கழற்றினோம். மச்சாள் மட்டும் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மச்சாள், நீர் எழும்பும். மதிலடியிலை நிக்கிற குடங்களை அந்த ஒழுங்கிலையே கொண்டுபோய்ச் சங்கத்துக் கதிரையளிலை வையும்.”

“குடத்தையோ?”

“ஓம். எங்களுக்குப் போக ஏலாது. குடத்துக்கு ஏலும்தானே. உம்மடை வலையை நாங்கள் பாக்கிறம்.”

மீன் தள்ளுவண்டியில் இரண்டு நடை போனேன். பிளாஸ்டிக் குடங்கள், நீலம், பச்சை, சிவப்பு, மச்சாளின் கழுத்து வெடித்து உருக்கி ஒட்டிய மஞ்சள் குடம். அன்றைக்கு வரிசையில் அதுதான் முதல். சங்கக் கட்டடம் முன்பு கருவாடு அடுக்கும் இடமாக இருந்தது, நீளமாய் ஒடுக்கமாய் இருக்கும். அதனால் கதிரைகளை இரு சுவரோரமும் வரிசையாகத்தான் போடலாம். வலப்பக்கத்து வரிசை மேலே போய்ச் சேரும் இடத்தில் ஒரு மேசையும் கைப்பிடி வைத்த தேக்கங்கதிரையும். அது தலைவருடையது. நான் வலப்பக்கத்துக் கதிரைகள் முழுக்க, மேலிருந்து வாசல்வரைக்கும், மதிலோர ஒழுங்கு பிசகாமல் குடங்களை வைத்தேன். மதிலோரம் என்றால் குடத்துக்குக் காவல் தேவையில்லை, இது புது இடம். வாசலில் நின்றுகொண்டேன்.

ஆண்கள் வந்தார்கள். உள்ளே கால் வைத்தவர்கள் குடங்களைக் கண்டதும் பேச்சைக் குறைத்து, இடப்பக்கமாகப் போய் இருந்தார்கள். இடப்பக்கம் நிரம்பியதும் மிச்சப்பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒருவர்கூட ஒரு குடத்தைத் தொடவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் போனேன், ஆனாலும் கண்ணால் பார்க்கும்போது நெஞ்சு குளிர்ந்தது.

தலைவர் வந்தார். தன் கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, வலப்பக்கத்தைப் பார்த்தார்.

“ஆர் இதுகளை இஞ்சை கொண்டந்து வைச்சது?”

“நான்தான் அண்ணை. பொம்பிளையள் நண்டு கழட்டிக்கொண்டிருக்கினம். குடம் வந்திருக்கு, அவையள் பிறகு வருவினம்.”

“குடம் வந்தால் ஆள் வந்த கணக்கோ?”

“பவுசரடியிலை என்ன கணக்கு, அண்ணை?”

பொருளாளர் வயதான மனிதர், சங்கடமாக அசைந்தார். “தலைவர், யோசிச்சுக் கதையுங்கோ. குடம் ஆள் இல்லை எண்டு இஞ்சை தீர்மானம் எடுத்தால், நாளைக்குப் பவுசர் வரேக்கை என்ன நடக்கும்? ஊர் தாங்காது” என்றார். அங்கும் இங்கும் தலைகள் ஆடின. யாரோ பின்னாலிருந்து, நாலாவதாக இருக்கிற பச்சைக் குடம் தலைவர் வீட்டுக் குடம் என்பதையும் நினைவுபடுத்தினார். தலைவர் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியே காத்திருந்தோம். தேத்தண்ணீர் வந்தது, குடித்தார்கள். எனக்கும் நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். உதைபந்தாட்ட அணியில் யாரை முன்னுக்கு விடுவது என்று வாக்குவாதம் வந்தது. அந்த நேரம் தலைவருக்கு ஒரு ஃபோன் வந்தது. உள்ளே சத்தத்தில் கேட்கவில்லை என்று எழும்பி வாசலைத் தாண்டி வெளியில் போனார்.

இனி நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் மனுசன் மேசைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று பந்து விளையாட்டுப் பற்றிக் காரசாரமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். கதைக்கும்போது கை சும்மா இருக்காத மனிதர். முன்னால் ஒரு கதிரை வெறுமையாகக் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. வாய் கதைத்தபடியே இருக்க, குனிந்து மஞ்சள் குடத்தை எடுத்துத் தலைவரின் கதிரையில் வைத்தார். அடுத்த குடத்தை அதன் இடத்துக்கு நகர்த்தினார். பிறகு அடுத்ததை. அவர் நாலு எட்டு வைக்க, எதிரில் வந்த பொருளாளர் மிச்சக் குடங்களை வாங்கி நகர்த்தத் தொடங்கினார். வாசலடிக்கு வந்தபோது வரிசை ஒழுங்காக ஓர் இடம் முன்னேறியிருந்தது. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

தலைவர் திரும்பி வந்தார். தன் கதிரையைப் பார்த்தார். கழுத்து ஒட்டிய மஞ்சள் குடம் அதில் நிமிர்ந்து இருந்தது. மண்டபம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது.

“ஆர் இந்த வேலை பாத்தது?”

“இடம் காலியாக் கிடந்தது, அண்ணை. கை தன்பாட்டிலை…” என்றார் என் மனுசன். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. வேறு ஊர் என்றால் தலைவர் குடத்தைத் தூக்கிக் கீழே வைத்திருப்பார், கதை முடிந்திருக்கும். அவர் கையும் குடத்துக்குக் கிட்டப் போனது. பிறகு என்னைப் பார்த்தார். பொருளாளரைப் பார்த்தார். பச்சைக் குடத்தையும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

லொறி போன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்தார்கள். மடித்துக் கட்டிய பாவாடை, நண்டுத் தண்ணீர், விரல்களில் சுற்றிய துணி. தலைவரின் பெண்சாதியும் கூடவே வந்திருந்தா. தன் குடத்தை மதிலடியில் காணாமல் தேடி வந்தாவாம். அவரவர் தங்கள் குடத்தைக் கண்டுபிடித்து, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்கள். மச்சாள் மட்டும் தேடிக்கொண்டே மேலே போனாள். தலைவரின் கதிரைக்கு முன்னால் நின்றாள். நடந்ததை நான் சொன்னேன். தன் தமையனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கினாள், இருந்தாள், குடத்தை மடியில் வைத்தாள்.

“தங்கச்சி, அது தலைவற்றை கதிரை” என்றார் தலைவர், பணிவாகவே.

“ஓம் அண்ணை. குடம் நிரம்பின உடனை எழும்பிறன்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சாளும் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள்.

“அண்ணை, உங்களுக்கு மண்டபம் வேணும், ரீவி வேணும். பிழையில்லை. எங்களுக்குக் கரையிலை ஒரு கக்கூசு வேணும். விடியக் கரைக்கு வந்தால் லொறி போகுமட்டும் நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறேல்லை. தாகம் இல்லாமல் இல்லை. குடிச்சால் போகவேணும், போக இடம் இல்லை. பற்றை இருந்தது, அதையும் வெட்டி லைட் போட்டுட்டியள். இந்தக் குடத்திலை நான் பிடிக்கிற தண்ணியை என்ரை பிள்ளையள் குடிக்குதுகள். நீங்கள் வந்தால் உங்களுக்கும் தருவன். நான் குடிக்கிறேல்லை. இனியும் இப்பிடி இருந்தால் கிட்னி போயிடும், வேலையை விடு எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். விட்டால் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது எண்டு அவர் சொல்லேல்லை.”

அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்காகவும் எனக்காகவும், அந்த மண்டபத்தில் இருந்த எல்லாக் குடத்துக்காகவும்.

பொருளாளர்தான் மெல்லக் கேட்டார். “ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களோ, அண்ணை?”

என் மனுசன் என்னைப் பார்த்தார். அவ்வளவு பேருக்கு நடுவில் என் பக்கம் வந்து, “இஞ்சரும், நீருமோ?” என்றார். ஓம் என்று தலையாட்டினேன். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நான் குசினிக்குள் போய்ச் செம்பு செம்பாய்த் தண்ணீர் குடிப்பதை அவர் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். “வெயில் எண்டெல்லோ நினைச்சன்” என்றார். அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன், முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

வாக்கெடுப்பு என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தலைவரின் பெண்சாதி, நண்டைக் கறிச்சட்டியில் மட்டும் கண்ட மனுசி, முதலில் கையைத் தூக்கினா. தூக்கிய கையை இறக்காமல் தன் புருசனையே பார்த்துக்கொண்டிருந்தா. பெண்கள் எல்லாரும் தூக்கினோம். என் மனுசன் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்று போதும் என்று இறக்கவைத்தேன். கடைசியில் தலைவரும் தூக்கினார்.

“இப்ப குடம் நிரம்பிட்டுதோ, தங்கச்சி?”

“அரைவாசி, அண்ணை. கக்கூசுப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கும்?”

“உங்களிட்டைத்தான்.”

“இப்ப சரி” என்று எழும்பினாள். கதிரையில் சிந்திய நண்டுத் தண்ணீரைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள். தலைவர் இருந்தார், மூக்கைச் சுளித்தார், கூட்டம் முறைப்படி ஆரம்பமாகிறது என்று அறிவித்தார்.

கட்டி முடிக்க நாள் எடுத்தது. சீமெந்து வந்தால் மேசன் வரமாட்டார், மேசன் வந்தால் மழை வரும். இடையில் சங்கத்துக்குப் புதுத் தெரிவு நடந்தது, மச்சாளை உபதலைவியாக்கினார்கள். படத்தில் கண்ட மாதிரித் தோளில் துணி கட்டிவிடட்டோ என்று கேட்டேன். ‘முதல் கதவைக் கொழுவச் சொல்லும்’ என்றாள். கதவும் ஒரு நாள் வந்தது. உள்ளே தாழ்ப்பாள், வாளி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரி. தலைவர் சும்மா விடுவாரோ, திறப்பு விழா வைத்தார். கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா. பந்தல், ஒலிபெருக்கி, பட்டணத்திலிருந்து ஒரு பிரதம விருந்தினர்.

அன்று காலையும் வலை வந்தது. கழற்றிக்கொண்டிருந்த மச்சாள் நடுவில் கையைக் கழுவினாள். பையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து, எல்லாரும் பார்த்திருக்க, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டு மறுபடி வலையில் குனிந்தாள். நாங்களும் ஒவ்வொருத்தியாகக் குடித்தோம்.

விழா சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. பிரதம விருந்தினர் பிந்தித்தான் வந்தார். மாலை போட்டார்கள், விளக்கேற்றினார்கள், சுவாமியார் செபம் சொன்னார். பிறகு தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. பெண்கள் நாட்டின் கண்கள் என்றார், கடலோரப் பெண்களின் வியர்வை என்றார், இந்தக் கட்டடம் தன் நெடுநாள் கனவு என்றார். முன் வரிசையில் உபதலைவி ஒரு காலை மறு காலில் போட்டாள், மாற்றிப் போட்டாள், எழும்பி இருந்தாள்.

“அண்ணை, சுருக்கி முடியுங்கோ” என்றாள்.

தலைவர் கையால் அமர்த்திவிட்டு, தனக்கு இன்னும் மூன்று விடயங்கள் சொல்ல இருக்கின்றன என்றார்.

மச்சாள் எழுந்தாள். பந்தலைக் கடந்து நேரே நடந்து, சிவப்பு நாடாவை ஒரு விரலால் உயர்த்தி, குனிந்து அதன் கீழால் போனாள். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஒலிபெருக்கியிலும் கேட்டது.

பிரதம விருந்தினர் கத்தரிக்கோலோடு நின்றார். சுவாமியார் தீர்த்தச் செம்பை மேசையில் வைத்தார். தலைவர் ஒலிவாங்கியை வாயிலிருந்து விலத்தினார். எல்லாரும் பொறுத்து நின்றோம். உள்ளே அவள் அவசரப்படவில்லை.